சுண்ணாம்பு உண்டா

வெட்டூர்ணிமடத்தில் அந்த அபார்ட்மென்டில்
மூன்றாம் மாடி, கடைசிக் கதவு என்னுடையது.
வாடகை ஒப்பந்தம், ஏழாம் விதி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
அடித்ததில்லை.
காலண்டர் பிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது,
கிழிக்க மறந்து இன்னும் ஆகஸ்ட்.

குரூப்பில் மூன்று நாளாகச் சண்டை.
ஹாலோவீனாம், ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்களாம்.
நமக்கெதுக்கு வெள்ளைக்காரன் பேய் என்றார்
செக்ரட்டரி சுகுமாரன்.
ஜெபசிங் பாஸ்டர் ஒரு வசனம் போட்டார்.
தண்ணி லாரிப் பிரச்சினைக்குப் பிறகு
இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.
பிள்ளைகள் யாரிடமும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை.
வடசேரியில் பஸ் மாறும்போது
தேன் மிட்டாய் அரைக் கிலோ,
எக்ளேர்ஸ் ஒரு பாக்கெட்.
யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு
பேய்க்கு என்றேன். மீதிச் சில்லறையை
எண்ணாமல் தந்துவிட்டார்.

எட்டரைக்கு ஆசாரிப்பள்ளம், நைட் டூட்டி.
பகலெல்லாம் திரை இழுத்துத் தூங்குகிறவள்.
இரண்டு வருஷத்தில் இந்தக் கதவைத் தட்டியது
கேஸ்காரரும், ஒருமுறை
விலாசம் மாறி வந்த பிரியாணியும்.

ஏழே கால். ஐப்பசி மழை. பெல் சத்தம்
எனக்கே திடுக்கென்றது.

முன்னால் அஜின்:
உதட்டோரம் தக்காளி சாஸ் ரத்தம்,
ஒரு பக்கம் நக்கித் தீர்ந்திருந்தது.
பெட்ஷீட்டுக்குள் ரெனிஷ்.
கண்ணுக்கு ஓட்டை போட அவன் அம்மா விடவில்லை.
கையைப் பிடித்து நடத்தி வந்தவள் ஆலிஃபா.
நீ என்ன வேஷம் மோளே என்றேன்.
"பல் டாக்டர்."

சிரித்தேன். நான் மட்டும்.
தட்டை நீட்டினேன்.
ஒரு கால்கூட நிலையைத் தாண்டவில்லை.
எல்லார் கண்ணும் என் பாதத்தில்,
தரையில் படுகிறதா என்று.
வெள்ளை யூனிபார்ம்,
ஈரம் ஆற விரித்துப்போட்ட தலைமுடி,
பகலில் காணாமல் இருட்டினால் இறங்கிப் போகிறவள்.
மெதுவாகத்தான் எனக்கு விளங்கியது.

கடைசியில் நின்றவள் மிதுலா.
ஏழு வயசிருக்கும். அம்மாவின் செட்டுமுண்டு,
இடுப்பில் மூன்று சேப்டி பின்,
பாதி முகத்துக்கு மட்டும் பவுடர்.
ஒரு அடி முன்னே வந்து
பாடம் ஒப்பிக்கிற குரலில் கேட்டாள்:
"கொஞ்சம் சுண்ணாம்பு உண்டா?"

இந்தப் பக்கத்து யட்சி அதைத்தானே கேட்பாள்,
ஆளில்லா வழியில், பாலைமரத்தடியில்.
விரலால் கொடுத்தவன்
விடியும்போது நகமும் முடியும்.
கத்தி நுனியில் கொடுத்தவன் வீடு சேர்வான்.

"சுண்ணாம்பு இல்ல மக்களே. தேன் மிட்டாய் உண்டு."
எதற்கும் இருக்கட்டுமென்று
ஸ்பூனில் எடுத்து நீட்டினேன்.

இடது கை வந்தது.
வலது கை மூடியே இருந்தது.
அதுல என்ன?
அஜினைப் பார்த்தாள். பிறகு விரித்தாள்.
துருவேறிய இரண்டு அங்குல ஆணி.
உள்ளங்கையில் அதன் தடம் சிவந்து கிடந்தது.

"பயமா இருந்தா உங்க தலையில
குத்தணும்னு அஜின் சொன்னான்."

குத்தினால் யட்சி அங்கேயே நின்றுவிடுவாள்.
யாருக்குத் தெரியாது அது, இந்த ஊரில்?

"குத்தணுமா?"
யோசித்தாள். மிட்டாயை வாயில் போட்டு
இன்னும் கொஞ்சம் யோசித்தாள்.
"இப்ப வேண்டாம்" என்றாள், கன்னம் புடைக்க.

எக்ளேர்ஸ் எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.
ஆணியைத் தட்டில் போட்டுவிட்டுப் போனாள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
பெட்ஷீட் விழுகிற சத்தம், அழுகை,
பல் டாக்டரின் அதட்டல்.

ராத்திரி முழுக்க அது என் கோட்டுப் பையில்,
பேனாவோடும் தெர்மாமீட்டரோடும்.
இரண்டு மணிக்குப் பதினோராம் பெட்காரர்
யாரது என்று விழித்தார்.
நான்தான் என்றேன். போதுமானதாக இருந்தது,
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல்
சப்பாத்திக் கட்டையால் நாலு அடி.
காரை உதிர்ந்தது. ஆணி நின்றது.
மூன்று மாதத்தைச் சேர்த்துக் கிழித்தேன்.

காலண்டர் மாட்டத்தான் என்று
ஓனரிடம் சொல்லிக்கொள்ளலாம்.