ஒன்பது நாள்

கைரேகை இயந்திரம் என்னை நம்ப மறுத்தது.
பதினேழு வருடம் இறைச்சி ஆலையில்
விலாவெலும்பிலிருந்து கொழுப்பைச் சீவிய கை.
குளிரும் குளோரின் தண்ணீரும்
விரல்நுனிகளைக் கூழாங்கல் ஆக்கியிருந்தன.
இன்னொரு முறை அழுத்துங்கள் என்றாள் அந்தப் பெண்.
இன்னொரு முறை.
களிம்பு பூசி, துடைத்து, ஊதிப் பார்த்து,
கடைசியில் இடது சுண்டுவிரலில் ஏதோ தெரிந்தது,
மூன்று கோடும் அரைச் சுழியும்.
ஒஃபேலியா பர்ரியந்தோஸ் என்று ஒருத்தி இருப்பதாக
டெக்சஸ் மாநிலம் அன்று ஒப்புக்கொண்டது.

அதற்கு முன் அமரில்லோவில் மூன்று தேர்வு.
அறுபத்தெட்டு.
அறுபத்தொன்பது.
எழுபதுக்கு ஒன்று குறைந்த அந்த மாலை
காரிலேயே உட்கார்ந்து
ஒரு பை வறுத்த சோளத்தையும் தின்று தீர்த்தேன்.
மூன்றாவது முறை எழுபத்து நான்கு.
நான்கு மதிப்பெண்ணைச் சும்மா கொடுத்துவிட்டேனே
என்று கூடத் தோன்றியது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?
இருபத்திரண்டு வருடம் முன்
பணமில்லாக் கணக்கில் எழுதிய காசோலை,
முப்பத்தோரு டாலர், குழந்தைக்கு டயப்பர்.
உண்டு என்று குறித்தேன்.
விளக்கக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன்.
மூன்றில் அழுதிருந்தேன், கிழித்தேன்.
நான்காவதில் தேதியும் தொகையும் மட்டும்.

மாட்டின் பெயரை வைத்துக்கொண்ட ஊர் எங்களுடையது.
இங்கே வானம் மே மாதம் கல்லெறியும்.
கூரைக்கும் பருத்திக்கும் லாரிக்கும்
அச்சத்தின் விலையைக் கணக்கிட்டுச் சொல்வது என் வேலை.
ஆறு வருடம் சொன்னேன்.
என் பிறந்த மாதம் முடியும்போது
என் உரிமமும் முடியும்;
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
மெழுகுவர்த்தியோடு இருபத்து நான்கு மணி நேரப் படிப்பு.

அந்த மே மாதம் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
லபக் நகர மருத்துவமனையில் படுத்தான்.
இருபத்தொரு மணி நேரம் முடித்திருந்தேன்.
மிச்சம் மூன்று.
மூன்றும் நெறிமுறைப் பாடம்.
சிரிப்புத்தான் வருகிறது இப்போது.
ஜூன் ஒன்றாம் தேதி கணினியில் என் பெயருக்கு எதிரே
செயலில் இல்லை என்றிருந்தது.

உரிமத்தை ஒரு தாள் என்றே நினைத்திருந்தேன்.
அது வாய்.

எட்டாம் நாள் ட்வேன் ப்ராக்மன் வந்தார்.
புதிதாய்த் தகரப் பட்டறை கட்டியிருந்தார்,
நாற்பது அடி, கதவுக்கு இன்னும் வண்ணம் காயவில்லை.
போட்டுவிடு ஒஃபேலியா, என்றார்.
என்னால் இப்போது விற்க முடியாது என்றேன்.
மே முப்பது என்று தேதி போடு, யார் பார்க்கிறார்கள்?
எதிர்த்தெரு ரோஜரிடம் போங்கள், இன்றே போங்கள்.
அவன் என்னைவிட நல்ல விலை கொடுப்பான் என்று
பொய்கூடச் சொன்னேன்.
ரோஜர் மீன் பிடிக்கப் போயிருந்தான்.

நான் லபக் போய்
தம்பியின் கட்டில் காலடியில் மடிக்கணினியை விரித்து
அந்த மூன்று மணி நேரத்தையும் முடித்தேன்.
அபராதம் கட்டினேன்.
ஒன்பதாம் நாள் இரவு கல் விழுந்தது.
பேஸ்பால் அளவு என்றார்கள்.
யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.
பத்தாம் நாள் காலை என் பெயருக்கு எதிரே
செயலில் உள்ளது.
பட்டறைக் கூரை வழியே விடிந்துகொண்டிருந்தது ட்வேனுக்கு.

பெட்ரோல் பங்கில் பக்கத்துக் குழாயில் நிற்பார் சில நாள்.
ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பார்,
தொட்டி நிறைந்த பிறகும்.

இந்த மே மாதம் மறுபடி அதே மூன்று மணி நேரம்.
பதினான்காம் கேள்வி:
உரிமம் காலாவதியான முகவரிடம்
பழைய வாடிக்கையாளர் முன்தேதியிட்டுத் தரக் கேட்கிறார்.
முகவர் செய்ய வேண்டியது என்ன?
அ, ஆ, இ, ஈ.
தகரத்தில் கல் விழும் சத்தத்தைக் கேட்டபடி
இருட்டில் உட்கார்ந்திருப்பது
எந்த விடையிலும் இல்லை.
‘இ’ என்று அழுத்தினேன்.
சரி, என்றது பச்சை எழுத்தில்.
அடுத்த கேள்வி பரிசுகள் பற்றி,
வாடிக்கையாளருக்கு நாள்காட்டி கொடுக்கலாமா என்று.