முப்பது கண்ணி

நாள் முழுக்கக் கொக்கிகளோடுதான் வேலை எனக்கு.
பல்லிடுக்கில் சொத்தை தேடும் கொக்கிகள்,
கறை சுரண்டும் கொக்கிகள்.
கழுவி, பையிலிட்டு, ஆவியில் வேகவைத்து
டாக்டரின் தட்டில் வரிசையாக அடுக்குவேன்.
அதனால் ஐந்தரை மில்லிமீட்டர் குரோஷே ஊசி
எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.
கையில் நின்றது.
நூல்தான் நிற்கவில்லை.

கடுகு நிறம். பாதி விலை.
சஸ்கட்டூனில் யாருக்கும் வேண்டாத நிறம் என்று
விலைச்சீட்டே சொல்லியது.
நான்கு கண்டு வாங்கினேன்.
நவம்பர். வெளியே மைனஸ் பதினெட்டு.
சார்ஜில் போட்ட போன்கள்போல் கார்களெல்லாம்
சுவரில் ஒயர் செருகிக் கிடந்தன.

திரையில் இரண்டு கைகள் மட்டும்.
முகமில்லை, மோதிரமில்லை. நகத்தில் வெளிறிய ஊதா.
உள்ளே விடு, நூலைப் பிடி, இழு,
மறுபடி பிடி, இரண்டுக்குள்ளும் இழு.
இவ்வளவுதான் என்றன.
இவ்வளவுதான் என்பவர்களை
கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் நம்புவதில்லை.

முப்பது கண்ணி போட்டுத் தொடங்கினேன்.
பூத்தொடுத்தாலும் கண்ணி,
பறவைக்கு வைத்தாலும் கண்ணி,
பாட்டில் இரண்டடியும் கண்ணி.
என்னுடையது எது என்று
பன்னிரண்டாம் வரிசைவரை தெரியவில்லை.
பிறகு தெரிந்தது.
விரல் மாட்டிக்கொண்டது.

எண்ணினேன். இருபத்தாறு.
மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து.
எட்டாம் தெரு பஸ்ஸில் எண்ணியபோது
நிறுத்தத்தின் பெயர் சொல்லும் குரல்
பதினேழில் குறுக்கே வந்தது.
நேராகப் போக வேண்டிய சால்வை
சமோசாவாகிக்கொண்டிருந்தது.
"மீன்வலையா?" என்றாள் மாரிசெல், சாப்பாட்டு நேரத்தில்.
"எந்த மீனுக்கு?"
அவள் ஓட்டை ஒன்றின் வழியே எட்டிப்பார்த்து
"திமிங்கலம்" என்றாள்.

தப்பைக் கண்டுபிடிக்கப் பதினோரு இரவு.
ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை
விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.
ஓரத்தில் ஒடுங்கி, முடிச்சுபோல் இருந்தது.
கண்ணியாகவே தெரியவில்லை.
அதையும் எண்ண வேண்டுமாம்.

அவிழ்த்தேன்.
இழுத்தால் வந்துவிடுகிறது, அதுதான் பயங்கரம்.
மூன்று வாரம், நாலே நிமிடத்தில்
சோபாவில் நெளிநெளியாகக் கிடந்தது.
வழுதி எட்டிப்பார்த்து "மேகியா?" என்றான்.

அவன் சட்டை நாற்பத்திரண்டு.
மகனின் பூட்ஸ் மூன்று, அடுத்த குளிருக்கு நாலு.
ஜனவரியில் திரைக்கைகள் கேட்டன:
உங்கள் தலைச்சுற்று எவ்வளவு?
எனக்குத் தெரிந்த தலைச்சுற்று
மசக்கையில் வந்தது மட்டும்.
குளியலறைக் கண்ணாடிமுன் நின்று
டேப்பை நெற்றியைச் சுற்றிக் கொண்டுபோனேன்.
ஐம்பத்தாறரை.
முப்பத்தெட்டு வருடம் சுமந்த பொருளின் அளவு.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
மணி ஒன்றரை.
பனி தள்ளும் வண்டி ஆரஞ்சு விளக்கோடு
தெருவைக் கடந்து போனது.

ஆறடி முடிந்தபோது மார்ச் கடைசி.
நடுவில் மடித்து, பின்ஓரத்தை மட்டும்
பத்து அங்குலம் தைத்தால்
சால்வைக்குத் தலை முளைத்துவிடுகிறது.
கூரை சொட்டிக்கொண்டிருந்தது அப்போது.
ஆற்றுப் பனி விரிசல் விட்டிருந்தது.
நனைந்தபின் முக்காடு எதற்கு என்பார்கள்.
சொன்னவர் இந்த ஊர் ஏப்ரலைப் பார்த்ததில்லை.

போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வு.
நூற்றுப் பதினேழாம் வரிசையில் ஒரு கண்ணி விட்டிருந்தேன்,
இன்னொரு முறை அவிழ்க்க மனமில்லாமல்.
சரியாக வலது காதின்மேல் வந்து உட்கார்ந்தது அது.
சொத்தை தேடும் கொக்கிபோல்
காற்று நேரே அங்கே வந்து குத்தியது.
விரலால் அடைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றேன்,
மற்ற காது சுடச்சுட.