பத்தரை மணிக் கணக்கு

சாப்பிடுறவங்க கை தூக்குங்க.

ஒன்றாம் வகுப்பில் கேட்டால்
இரண்டு கையையும் தூக்குவார்கள்.
டெல்பின் ஒருநாள் காலையும் தூக்கினாள்.
முப்பத்தொன்று.

ஐந்தாம் வகுப்பில்
பக்கத்து பெஞ்சைப் பார்த்துவிட்டு எழும் கை
தோளோடு நின்றுவிடுகிறது.

எட்டாம் வகுப்பில் எல்லோரும்
ஜன்னலுக்கு வெளியே
துறைமுகம் போகக் காத்துக் கிடக்கும்
கன்டெய்னர் லாரிகளை எண்ணுகிறார்கள்.
நானும் லாரியைப் பார்ப்பதுபோல் நின்று
ஓரக்கண்ணால் நான்கு விரல்களைப் பிடிக்கிறேன்.
கைகள் அல்ல,
மேசையைவிட்டுக் கொஞ்சம் எழுந்த விரல்கள்.

"நீ, ரீகன்?"
"வூட்லயே துன்னுட்டேன் மிஸ்."

காசிமேட்டில் தடைக்காலம் தொடங்கி ஒன்பது நாள்.
அவன் அப்பா கூலிக்குப் போகும் விசைப்படகு
கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது.
துன்னுட்டேன் என்றதும்
புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிறான்.
பொய்யும் உதட்டில் ஒட்டும் போலிருக்கிறது.

பதினொன்றுக்குள் எண்ணை அனுப்ப வேண்டும்.
பெயர் கேட்க மாட்டார்கள்.
எங்கோ ஒரு திரையில் அது கோடாகச் சரியும்:
ஒன்றாம் வகுப்பில் மேடு, எட்டாம் வகுப்பில் பள்ளம்.
பார்ப்பவருக்கு எங்கள் தெருவின் வறுமை
பன்னிரண்டு வயது தாண்டினால்
தானே இறங்கிவிடுகிற மாந்தம்.

நேற்று ஆய்வுக்கு வந்தவர் கேட்டார்:
"எண்பத்தேழுன்னு அனுப்பிட்டு
தொண்ணூத்தஞ்சு பேருக்கு உலை வெச்சிருக்கீங்க.
மிச்ச அரிசி எங்கம்மா போவுது?"
அளவுப்படி கொஞ்சம் கைதவறியது என்றேன்.
சிவப்பு மையில் எழுதினார்.
நல்ல கையெழுத்து.

ஒரு மணிக்கு இருந்திருந்தால்
குழாயடிக்குக் கூட்டிப் போயிருப்பேன்.
வீட்டில் தின்றவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.
ரீகன் குழாயில் வாய் வைத்தால்
பின்னால் நிற்பவன் கத்தும்வரை எடுக்க மாட்டான்.
அந்தத் தண்ணீருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு, சட்டைக் கழுத்து நனைந்தபடி
சமையல்கூடத்துக்கு வருவான்.
"மிஸ், அண்டா தூக்கணுமா?"

அடியில் கொஞ்சம் விட்டு வைத்திருப்பேன்.
தூக்கி வைத்தபின்
கதவுக்குப் பின்னால் நின்றபடி உண்பார்கள்,
வேலை முடித்த ஆள்களைப் போல, பேசாமல்.
சும்மா கொடுத்தால் தொண்டையில் நிற்கும் சோறு
சுமந்த கூலி என்றால் இறங்குகிறது.
நானும் "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிடுவேன்.

பங்குனி மாதம் வரைக்கும்
ரீகன் ஒருவனே தூக்கிக்கொண்டிருந்தான்.

இன்று அந்தக் காலி அண்டாவுக்கு
எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.