விரல் விழாதவர்கள்

திங்கட்கிழமை மனு வாங்கும் மேசையில்
மூன்றாவது நாற்காலி என்னுடையது.
முத்திரை, மைப்பெட்டி, பதிவேடு,
காற்றாடிக்குத் தாள் பறக்காதிருக்க ஒரு சங்கு.
சங்கைக் கொண்டுவந்து வைத்தவள் நம்பு ஈஸ்வரி.
'பறக்குது பாருங்க சார், யாரு மனுவோ.'

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து முதல் பஸ்.
பாசி எடுக்கப் போகாத நாளுக்குக் காசு கிடையாது,
அதை அவள் சொன்னதில்லை.
கூட வந்த குழந்தைத்தெரசு சொன்னாள்,
தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்டுக்கொண்டே.

பொருள்: ரேஷன் கடையில் கைரேகை பதியாதது தொடர்பாக.

பாரின் இடுக்கில் முளைக்கிற மரிக்கொழுந்துப் பாசியை
மூச்சடக்கிக் கிள்ளிக் கிள்ளி எடுக்கும் விரல்கள்.
துணி சுற்றினாலும் கல் விடாது.
பாவாடை வயதில் கடலில் இறங்கியவளுக்கு
முப்பதில் ரேகை மிச்சமிருக்காது.
'மீண்டும் முயற்சிக்கவும்' என்று
மெஷின் மூன்று தடவை சொன்னால்
அந்த மாதம் அரிசி இல்லை.
கடைக்காரர் நல்லவர்தான், அவர் என்ன செய்வார்.
தேங்காயெண்ணெய் தடவினார்கள்.
எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள்.
தோல் வளரட்டும் என்று பூமயில்
எட்டு நாள் கடலுக்கே போகவில்லை.
எட்டு நாள் பட்டினிக்குப் பாதி ரேகை வந்தது.
மெஷினுக்கு முழுசாக வேண்டும்.

ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன்.
'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது.'
ஒரு திங்களுக்கு நூற்றைம்பது தடவை
இதை எழுதுகிறேன்.
என் கட்டைவிரல் வழவழவென்றிருக்கிறது,
காலை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வைத்தால்
ஒரே தடவையில் 'நன்றி' என்கிறது வருகைப்பதிவு.

'தேதி போடுங்க சார்' என்றாள்.
போட மறந்திருந்தேன்.

நான்காவது வாரம் ஒரு மைப்பெட்டி கேட்டாள்.
காய்ந்துபோன பழையது ஒன்று கொடுத்தேன்,
தொல்லை தீரட்டும் என்றுதான்.
அதில் தண்ணீர் விட்டுக் கரைத்து
வத்தம் இல்லாத நாட்களில் வீடு வீடாகப் போயிருக்கிறாள்.
அறுபத்து மூன்று பேர்.
ஆளுக்குப் பத்து விரல்.

அதிகாரி மேசையில்
அவள் தாள்களை ஒவ்வொன்றாக விரித்தபோது
தேநீர்க் கோப்பையை எடுக்க வேண்டியதாயிற்று,
பிறகு தொலைபேசியை, பிறகு பேனாத்தாங்கியை.
அறுநூற்று முப்பது கறுப்புப் பொட்டுகள்.
வரி இல்லை, வளைவு இல்லை,
சிலவற்றில் குறுக்கே ஒரு வெட்டு மட்டும்.
'இதுல ராக்கு யாரு, சீனியம்மா யாருன்னு
நீங்களே சொல்லுங்க' என்றாள்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி மாட்டிக்கொண்டும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகும் பதின்மூன்று திங்கள்.

ஆடியில், கச்சான் ஜன்னலை அறைந்துகொண்டிருந்த மதியம்
ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன்.
'மேற்படி நபர்களுக்குப் பதிவேட்டில் ஒப்பம் பெற்று வழங்கலாம்.'
பட்டியலை ஒத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன்.
அவள் பெயர் இல்லை.
போன் போட்டேன்.
பின்னால் யாரோ எடை கூவிக்கொண்டிருந்தார்கள்.
'எனக்கு இடது சுண்டுவிரல் விழுது சார்,
பொய் சொல்லி எழுதச் சொல்றீங்களா?'

அடுத்த திங்கள் வரிசையில்
ஒரு தலை தெரிந்தது, எண்ணெய் வைக்காமல்,
காதோரம் உப்புப் பூத்து.
நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.
சங்கை நகர்த்திவிட்டுத் தாளை வைத்தாள்.

பொருள்: கடல்சொறி பட்டவர்களுக்கு
சுகாதார நிலையத்தில் ஊசி இல்லாதது தொடர்பாக.

அவள் வாய் திறக்கும் முன்
தேதியைப் போட்டேன்.