காலி எடை

எடைப்பாலத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில்
இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கும் ஏழு நிமிடத்தில்
நான் கிரேக்கம் படிக்கிறேன்.
அஞ்சல்வழிப் பாடம், பதினோராவது தாள்.
ஓரத்தில் செம்பனை எண்ணெயில் என் கட்டைவிரல் ரேகை.

இன்றைய வினைச்சொல்: அஃபியேமி.
பொருள்: மன்னி.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
விடு, போகவிடு, அனுப்பிவிடு, கடனைத் தள்ளு.

நம்முடைய ‘விடு’தானே இது என்று
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன்.
மீன்காரர்கள் வலையை விட்டதற்கும் இதே சொல்.
ஒருவனுடைய மாமியாரைக் காய்ச்சல் விட்டதற்கும்.
சிலுவையில் கடைசி மூச்சு விட்டதற்கும்.
கட்டியவளைக் கைவிடாதே என்று ஒரு நிருபம் சொல்லும்போதும்
இதேதான். தாளில் அடிக்கோடு வேறு.
அங்கே சிரிப்பு நின்றது.
மன்னிப்பதும் கைவிடுவதும்
ஒரே கதவு வழியாகத்தான் வெளியே போகுமா?

மன்னுதல் என்றால் நம் மொழியில் நிலைத்திருப்பது.
மன்னிப்புக்கும் அதற்கும் உறவு உண்டோ இல்லையோ,
என்னிடம் இருந்தது மன்னுதல் மட்டும்:
எட்டு வருடம், உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல்.

ஞானசிகாமணியின் லாரிக் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான்.
சபையில் எனக்குப் பின்வரிசையில் நின்று
நன்றாகப் பாடுவான். வேறு காரணமில்லை.
மூன்றாம் மாதம் லாரியோடு ஜொகூர் போய்விட்டான்.
மாதம் முந்நூற்று நாற்பது ரிங்கிட்,
எண்பத்து நான்கு மாதம், என் சம்பளத்தில்.
மகளின் பல்லுக்குக் கம்பி போடவில்லை.
இன்றும் வாயை மூடித்தான் சிரிக்கிறாள்.

மார்ச்சில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது:
கணக்கு முடிக்கப்பட்டது.
வங்கி விட்டது. நான் விடவில்லை.

இந்த ஊர் தன் பெயரையே விட்டுவிட்டது.
பலகைகளில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறினால் நாங்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் டிக்கெட் கேட்கிறோம்.
பெர்ஜுந்தை என்றால் தொங்கிக்கொண்டிருப்பது.

இன்று மதியம், மழைக்குச் சற்று முன்,
வாடகை லாரியொன்று பாலத்தில் ஏறியது.
கண்ணாடியை இறக்கினான். தலை நரைத்திருந்தது.
“அக்கா” என்றான்.
நான் எண்ணைப் படித்தேன்:
பதினெட்டாயிரத்து அறுநூற்று இருபது கிலோ.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

கொட்டுமேடையில் லாரி முதுகைத் தூக்கியது.
குலைகள் சரிந்தன. எல்லாம் அல்ல.
எப்போதும் மூன்று நாலு
முள்ளோடு முள் கோத்து அடியைப் பற்றிக்கொள்ளும்.
கொக்கியோடு ஏறி ஒவ்வொன்றாய் இழுத்துத் தள்ளவேண்டும்.
ஏறினான். வழுக்கினான். மறுபடி ஏறினான்.

நான் தாளைப் பார்த்தேன்.
அந்த ஜெபத்தை இருவர் எழுதிவைத்திருக்கிறார்கள்.
பட்டவர்களின் கடனை விட்டோம் என்கிறார் ஒருவர்.
விடுகிறோம் என்கிறார் மற்றவர்.
முதல்வருக்கு முடிந்த காரியம்,
இரண்டாமவருக்கு இன்னும் நடக்கிறது.
பாடம் காரணம் சொல்லவில்லை.
எனக்கு இரண்டாமவரைப் பிடித்தது.
கொக்கி பிடித்த ஆளாக இருந்திருப்பார்.

காலி எடைக்குத் திரும்பி வந்தான்.
உள்ளங்கையில் முள், ரத்தம்.
இழுப்பறையில் ஊசியும் டெட்டாலும் உண்டு,
எந்த டிரைவருக்கும் எடுத்துக் கொடுப்பதுதான்.
கொடுத்தேன்.
“அக்கா, அந்தப் பணம்...”
“பாலத்தில் நிற்காதே, பின்னால் லாரி.”

எட்டாயிரத்து நாற்பது என்று எழுதிக்கொண்டேன்.

லாரி இறங்கிப் போனதும்
திரையில் பூஜ்யம் வந்துவிடாது, எங்கள் பாலத்தில்.
உதிர்ந்த பழம், டயர் சேறு, மழைத்தண்ணீர்:
இருபது கிலோ காட்டும், சில நாள் நாற்பது.
பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.
இரு என்று கை காட்டிவிட்டு
துடைப்பத்தோடு மழையில் இறங்கினேன்.