பார்க்க மட்டும்

டிசம்பர் மெல்போர்னில்
சூரியனுக்கு வீடு போக மனசே வராது.
எட்டரை, எட்டே முக்கால், இன்னும் வெளிச்சம்.
மெழுகுவர்த்திப் பெட்டியை மடியில் வைத்தபடி
யெஃபிம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான்,
கடைசி டிராமுக்குக் காத்திருப்பவனைப் போல.

நான் மூன்றாம் எண் டிராம் ஓட்டுகிறவள்.
கார்லைல் தெருவில் கீழே அவன் சாவிக்கடை, மேலே வீடு.
போன ஜூலையில் பூட்டிக்கொண்ட என் கதவை
வந்து திறந்து கொடுத்தான்.
முப்பது வினாடி. கூலி வாங்கவில்லை.
அதற்குப் பிறகு அந்த நிறுத்தத்தில்
என் கால் மணியை மிதிக்கும்,
கடைக்குள்ளிருந்து ஓர் அரம் உயரும்.
இதற்கு என்னடி பெயர் என்று
டெப்போவில் லூர்து கேட்டாள்.
மணி என்றேன்.

ஹனுக்கா முதல் இரவு
மேல்மாடி ஜன்னலில் ஒரு சுடர். மறுநாள் இரண்டு.
ஒடெஸாவில் அவன் அம்மா
திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் ஏற்றுவாளாம்,
அதனால் இவன் இங்கே திரையே மாட்டவில்லை.
மூன்றாம் இரவு, பச்சை விழுந்தும்
வண்டியை நான் எடுக்கவில்லை.
பின்னால் யாரோ இருமினார்கள்.

நான்காம் இரவு விடுமுறை. சாப்பிடக் கூப்பிட்டான்.
உருளைக்கிழங்கு அடை பொரித்தான்,
நான் பச்சை மிளகாய் அரிந்து போட்டேன்.
எங்கள் கார்த்திகை பௌர்ணமியோடு
வந்து போய்விட்டது என்றேன்.
"வானத்தில் அத்தனை நிலா இருக்க
உங்களுக்கு விளக்கு எதற்கு?"
அவன் பண்டிகை தேய்பிறையில் தொடங்கி
நிலவே இல்லாத இரவைத் தாண்டிப் போகிறது.
பதில் தேடினேன், கிடைக்கவில்லை.
சிட்னியிலிருந்து அக்கா அழைத்து அழுதாள்,
மிளகாய்க்காக அல்ல.

ஐந்தாம் இரவு. நாற்பத்திரண்டு டிகிரி.
வடகாற்று மரங்களைப் பிடித்து உலுக்க
மின்சாரம் ஏழு மணிக்கே போய்விட்டது.
டிராம்களை நிறுத்திவிட்டார்கள்.
சீருடையோடு நடந்தே வந்தேன், படியேறினேன்,
கூப்பிடாமல்.

ஐந்தையும் ஏற்றினான், புதியதில் தொடங்கிப் பழையதுவரை.
பற்றவைத்த ஆறாவது மெழுகு, வேலைக்காரன்,
சற்று உயரத்தில் தனியாக நின்றது.
வெக்கையில் மூன்றாவது
பக்கத்து மெழுகின் தோள் நோக்கி மெல்லக் குனிந்தது.
இருவரும் கவனித்தோம்,
இருவரும் வேறெங்கோ பார்த்தோம்.

நாளை எந்த ஷிஃப்ட் என்று தெரிந்துகொள்ள
பட்டியலைச் சுடருக்கருகே நீட்டினேன்.
"கூடாது."
இந்த ஐந்தும் எதற்கும் உதவக்கூடாதாம்.
கணக்குப் போட, ஊசி கோக்க, கடிதம் படிக்க,
எதற்கும்.
சுடரைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.
"சரி, இந்த வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார்த்தால்?"
இருபது வருடமாய் ஜெப ஆலயப் படி மிதிக்காதவன்,
பூட்டுக்குள் கம்பி விட்டு
எந்த முள் சிக்குகிறது என்று கேட்பவனைப் போல்
தலையைச் சாய்த்து யோசித்தான்.
"அதுவும் பயன்தான்" என்றான்.

பிறகு வேலைக்காரனைக்
குழியிலிருந்து பிடுங்கினான்.
ஒரு கோப்பைத் தட்டில் மெழுகு சொட்டி அதில் ஊன்றி
எனக்கும் அவனுக்கும் நடுவே வைத்தான்.
"இதில் பார்க்கலாம்.
இது வேலை செய்யப் பிறந்தது."

பார்த்தேன்.
இடது புருவத்தில் பித்தளைத் தூள்,
கீழுதட்டில் ஒரு வெடிப்பு, ஐம்பத்தொரு வயது.
இத்தனை மாதமும் கண்ணாடிக்கு அப்பால்
மணிக்கு இருபது கிலோமீட்டரில் நகர்ந்த முகம்
நின்றுவிட்டிருந்தது.
அவனும் பார்த்தான்.
என் நரையை. சட்டைக் கழுத்தில் காய்ந்த
உப்புக் கோட்டை. அவசரமே இல்லாமல்.

சட்டென்று ஃபிரிட்ஜ் உறும, தலைக்குமேல் பல்பு எரிந்தது.
எழுந்து போய் அதை அணைத்தது யார் என்பதில்
இன்றுவரை எங்களுக்குள் தகராறு.
பட்டியலில் மெழுகு வழிந்து
வியாழக்கிழமை அழிந்துபோனதில் மட்டும்
சந்தேகமில்லை.
அன்று நான் வேலைக்குப் போகவில்லை.