இரண்டு மீட்டர் பதினான்கு

கலாட்ஸ் ஆலை. டான்யூப் பனிமூட்டம் கூரைவரை.
தகட்டின் மேல்முகத்தில்
நொய்யரிசி அளவு ஒரு வடு.
கொஞ்சம் தள்ளி அதே வடு. அப்புறமும்.

செனோவியா நாடாவை நீட்டினாள்.
இரண்டு மீட்டர் பதினான்கு.

"தாங்குருளையா?" கிரேனிலிருந்து நெகுலாய்.
இல்லை. அந்தத் தடியன் ஒரு சுற்று வர
நாலரை மீட்டர் கேட்பான்.
முன்வரிசைக் குரோமிய உருளைகளும் இல்லை;
அவை இட்ட வடு
அடுத்தடுத்த நசுக்கலில் இழுபட்டு
எங்கோ போயிருக்கும்.

மிச்சம் கடைசி வாய்.
வார்ப்பிரும்பு, மேலுருளை, எண் பதினாறு.

பதிவேட்டைப் புரட்டினாள்.
செவ்வாய், பின்னிரவு,
கால் மில்லிமீட்டர் சாணை.
விரிசல் சோதனைக் கட்டம் காலி.
பக்கத்தில், வீட்டுக்குப் போகும் அவசரத்தில்
வால் நீண்ட ஒரு கையெழுத்து.

பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"கழற்று" என்றாள்.
"நான் பிடித்த சாணை."